சேர்ந்து போகலாம்... துரத்த வேண்டாம்!

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சி நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் ஒரு இன்னோவா போகும். அதை முட்டிவிடுகிற நெருக்கத்தில் ஒரு ஸ்விஃப்ட். அதற்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பழைய ஆல்ட்டோ. கடைசியாகப் பொங்கல் பானை, விறகு, ஜமுக்காளம் ஏற்றிய டாடா ஏஸ். நான்கும் ஒரே வீட்டு வண்டிகள். குலதெய்வக் கோயிலில் பேத்திக்குக் காதுகுத்து. வழி தெரிந்தவர் இன்னோவா ஓட்டுகிற பெரிய மாப்பிள்ளை மட்டும்தான். மற்ற மூவருக்கும் கிளம்பும்போது சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: “மாப்ள வண்டிய மட்டும் விட்றாத.”

வினையே அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

கான்வாய் என்றதும் நமக்கு அமைச்சர் வண்டியும் சைரனும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் தமிழ்நாட்டில் கார் வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒருமுறையாவது கான்வாயில் போயிருக்கும். கல்யாணத்துக்கு, மொட்டை போட, சபரிமலைக்கு, ஊட்டிக்கு. இப்போது இதோடு புது ரகங்களும் சேர்ந்துவிட்டன. அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிவைத்து ஏலகிரிக்குக் கிளம்புகிறார்கள். ஒரே மாடல் கார் வைத்திருப்பவர்கள் கிளப் ஆரம்பித்து, சனிக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அணிவகுக்கிறார்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் பழங்காலக் கார்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஊர்வலம் போல ஓட்டிக் காட்டுகின்றன. பத்து கார் வரிசையாகப் போவதைப் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், வரிசை கலையாமல் போவதுதான் கான்வாய் என்று நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் கோளாறு. கலையத் தெரிந்த கான்வாய்தான் பத்திரமான கான்வாய். எட்டு வண்டியும் ஒன்றையொன்று பார்க்காமலே போய், சாப்பாட்டு வேளைக்கு ஒரே ஹோட்டல் வாசலில் நின்றால், அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் கெட்டிக்காரர்.

கடைசி வண்டி ஏன் பறக்கிறது?

கூட்டமாகப் போய்வந்த யாரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார்கள். முதல் கார் ஓட்டியவர், “எண்பதைத் தாண்டவே இல்லை” என்பார். கடைசிக் கார் ஓட்டியவரோ, “நூத்திப் பத்துல விரட்டியும் பிடிக்க முடியல” என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

ஓர் ஊருக்குள் போலீஸ் தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் கார் வேகத்தை 40-க்குக் குறைத்து, தடுப்பைத் தாண்டி, மறுபடி 80-க்கு ஏறுகிறது. அந்த நேரத்தில் நாலாவது கார் இன்னும் தடுப்புக்குள் 40-ல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஆறாவது வண்டிக்கு முன்னால் ஒரு மினி பஸ் புகுந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் முன்வண்டி 300 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அது 80-ல் போகும்போது இதை 100-ல் விரட்டினால், அந்த 300 மீட்டரை அடைக்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தை நூறில் கடந்திருப்பார். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கலாம், சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தை இருக்கலாம். இப்படி ஒவ்வொரு தடுப்புக்கும், ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும் நடக்கிறது.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் அடிப்படையை ஒரு சோதனையில் காட்டினார்கள். 2008-ல் அதன் முடிவு வெளியானது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை நிறுத்தி, எல்லோரையும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குழி இல்லை, குறுக்கே வர மாடு இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, அவருக்கும் பின்னால் வந்தவர் நின்றேவிட்டார். அந்த நெரிசல் ஓர் அலை போலப் பின்னோக்கி நகர்ந்தது. முன்னால் இருப்பவர் பிரேக்கைத் தொட்டால், அதன் விளைவு பின்னால் போகப்போகப் பெருகுகிறது. இதில் ஓட்டுநரின் திறமைக் குறைவு எதுவும் இல்லை. வரிசையின் இயல்பே அதுதான்.

மருந்து முதல் வண்டியின் கையில் இருக்கிறது. தடையைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், கடைசி வண்டி வெளியே வரும்வரை இடது ஓரமாக 50, 60-ல் உருட்டிக்கொண்டே போக வேண்டும். பெரிய மாப்பிள்ளைகளுக்கு இது வருவதில்லை. இன்னோவாவின் இழுவை அப்படி.

மூன்று நொடி

முன்வண்டிக்கும் நம் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி? அனுபவசாலிகள் மீட்டரில் சொல்வதில்லை, நொடியில் சொல்வார்கள். முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ பாலத்தையோ தாண்டியதும் மனதுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று நொடி ஆன பிறகு நீங்கள் அந்த இடத்துக்கு வந்தால் சரி. மழை என்றால் அதை இரட்டிப்பாக்குங்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது சுமார் 66 மீட்டர். எட்டு கார் கொண்ட வரிசை இந்த இடைவெளியைக் கடைப்பிடித்தால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவு நீளத்தில் வேறு யாருமே நுழையக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமா? சாலை நம் வீட்டுக் கல்யாண மண்டபம் இல்லையே. நடுவில் ஒரு லாரி புகுந்தால் புகட்டும். முன்வண்டியின் பம்பரை ஒட்டிப் போய் இடம் கொடுக்காமல் இருப்பதுதான் பெரும்பாலான கான்வாய் விபத்துகளின் விதை.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு மாநிலங்களில் அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. நாட்டின் விபத்துகளை மோதிய விதத்தை வைத்துப் பிரித்தால், முதலிடம் பின்னாலிருந்து மோதுவதற்கு. ஐந்தில் ஒரு விபத்துக்கும் மேல் அப்படித்தான் நடக்கிறது. கான்வாய் என்பதே ஒருவர் பின்னால் ஒருவர் போவது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, வரிசையாகப் போகிறோம் என்று காட்ட ஹசார்டு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே ஓட்டும் பழக்கம். அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. நான்கும் சேர்ந்து சிமிட்டும்போது நீங்கள் வலது பக்கம் திரும்பப் போகிறீர்களா, இடது பக்கமா என்று பின்னால் வருபவருக்கு ஜோசியம்தான் பார்க்க வேண்டும். நாற்சந்தியில் ஒரு காரைக் குறுக்கே நிறுத்தி, மற்ற வண்டிகளை மறித்து, நம் ஆட்களை அனுப்பிவைக்கும் வீரமும் வேண்டாம். அந்த வேலைக்குப் போலீஸ் இருக்கிறது. நமக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை.

‘கிளியர்... வாங்க வாங்க!’

இருவழிச் சாலையில் கூட்டப் பயணத்தின் மிக மோசமான தருணம், முந்துவது. முன்னால் கரும்பு லாரி. முதல் கார் எட்டிப் பார்த்து முந்திவிடுகிறது. உடனே போனிலோ வாக்கி டாக்கியிலோ உற்சாகக் குரல்: “கிளியர், வாங்க வாங்க!” இரண்டாவது கார் அதை நம்பி வெளியே வருகிறது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதும் வருகிறது.

எதிரே ஒரு பஸ் 80-ல் வருகிறது, நாமும் 80-ல் போகிறோம் என்றால், இருவருக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 44 மீட்டர் வீதம் சுருங்குகிறது. முதல் கார் சொன்ன ‘கிளியர்’ ஐந்து நொடி பழையதாகிவிட்டால், அதற்குள் 220 மீட்டர் காணாமல் போயிருக்கும். அவருக்குக் காலியாக இருந்த சாலை உங்களுக்குக் காலியாக இருக்காது. போதாததற்கு, அவர் ஓட்டுவது ஃபார்ச்சூனர், நீங்கள் ஓட்டுவது நாலு பேரும் பெட்டியும் ஏற்றி ஏசி போட்ட ஆல்ட்டோ. அவர் லாரியைத் தாண்டிய வேகத்தில் உங்களால் பாதி லாரியைக்கூடத் தாண்ட முடியாது.

ஆகவே, நல்ல குழுக்களில் ‘கிளியர்’ சொல்வதே தடை. “எதிர்ல ரெண்டு லாரி வருது”, “பாலத்துக்கிட்ட பள்ளம்”, “வலது பக்கம் மாடு” என்று எச்சரிக்கை மட்டும் சொல்லலாம். வா என்று யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. முந்துவது அவரவர் கண், அவரவர் கால். லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போனால் போகிறது.

வாக்கி டாக்கி என்றதும் ஒரு வார்த்தை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு 2018 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பல கருவிகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. அதனால்தான் 2025-ல் அவற்றின் ஆன்லைன் விற்பனைக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கடிவாளம் போட்டது. வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள். எந்தக் கருவியானாலும் அது பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்துப் பேசுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு அபாயகரமாக ஓட்டுவதாகவே கணக்கில் வைக்கிறது.

முந்தின ராத்திரி வேலை

கூட்டப் பயணம் வெற்றியா தோல்வியா என்பது ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடும். எல்லா ஓட்டுநருக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். எல்லோர் போனிலும் மேப் இறக்கி வைத்திருக்க வேண்டும். மலையில் சிக்னல் இருக்காது. நிற்கப்போகும் இடங்கள் முன்கூட்டியே பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும்: விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி இன்ன பெட்ரோல் பங்க், அப்புறம் இன்ன ஹோட்டல். இந்த மூன்றும் இருந்துவிட்டால், ‘விட்றாத’ என்ற வார்த்தைக்கே வேலையில்லை. பின்தங்கியவர் பதறாமல் வருவார். பெட்ரோலும் டயர் காற்றும் முந்தின நாளே பார்த்தாகிவிட வேண்டும். காலையில் ஆறு வண்டி காத்திருக்க ஒருவர் மட்டும் ஸ்டெப்னிக்குக் காற்றடித்துக்கொண்டு நிற்பது, அந்தக் குழுவின் நட்புக்கே நல்லதல்ல.

எண்ணிக்கை எட்டுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்து, கால் மணி நேர இடைவெளியில் அனுப்புங்கள். இருபது கார் ஒரே நேரத்தில் இறங்கினால் எந்த ஹோட்டலும் தாங்காது, கழிப்பறை நிச்சயம் தாங்காது. பெண்களும் குழந்தைகளும் வரும் பயணத்தில் நிறுத்தங்களைத் தீர்மானிப்பது டிபனைவிடக் கழிப்பறைதான். ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் இது கடைசியில்தான் உறைக்கிறது.

வரிசையில் முதல் வண்டிக்கு அடுத்து வர வேண்டியது புதிதாக ஓட்டுபவர், அல்லது சக்தி குறைந்த வண்டி. அதன் வேகம்தான் எல்லோருடைய வேகமும். கடைசியில் நிதானமான, அனுபவம் உள்ள ஒருவர். டூல் கிட், கயிறு, ஜம்பர் கேபிள், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவர் வண்டியில். அவருக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இல்லை என்பதுதான் அவர் கொடுக்கும் உத்தரவாதம்.

நடுவில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும். முன்வண்டியைப் பார்க்காதே, பின்வண்டியைப் பார். திருப்பம் வந்தால், அதற்கு முன்பே ஓரம் கட்டி, பின்வண்டி கண்ணில் பட்ட பிறகு திரும்பு. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒருவருக்குப் பொறுப்பேற்றால் முழு வரிசையும் தானாகவே கோத்துக்கொள்ளும். யாரும் யாரையும் துரத்த வேண்டிய அவசியமே வராது. பைக் குழுக்கள் வெகுகாலமாகச் செய்வது இது. கார்க்காரர்கள் இன்னும் கற்றுக்கொண்ட பாடில்லை.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸை மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். பாஸ் குழுவுக்கு அல்ல, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி. ஏழு பேர் எடுத்து, எட்டாமவர் “நீங்க சேர்த்து எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்” என்று கல்லாறு சோதனைச் சாவடியில் நிற்கும் காட்சி அபூர்வமானதல்ல.

வளைவுக்கு ஒரு வண்டி

கான்வாயின் யோக்கியதை தெரிவது மலையில். வால்பாறைச் சாலையையே எடுத்துக்கொள்வோம். ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை. அரசுப் பேருந்து ஒன்று இறங்கி வரும்போது வளைவில் அது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். வேறு வழியில்லை, அதன் நீளம் அப்படி. ஒரு கார் மட்டும் கீழே நின்றால் கொஞ்சம் பின்வாங்கி வழிவிடலாம். ஐந்து கார் ஒட்டிக்கொண்டு நின்றால்? முதல் கார் பின்வாங்க இரண்டாவது நகர வேண்டும், அதற்கு மூன்றாவது நகர வேண்டும், ஐந்தாவது கார் முந்தைய வளைவிலேயே வால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏற்றத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது புதியவருக்கு நரகம். கிளட்ச் கருகும் வாசனை வரும். பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

தீர்வு எளிது: ஒரு வளைவுக்கு ஒரு வண்டிக்கு மேல் வேண்டாம். முன்வண்டி வளைவை முழுதாகத் தாண்டி மேலே போன பிறகுதான் நீங்கள் வளைவுக்குள் நுழைய வேண்டும். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால், நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு இறங்கும் பேருந்திடம் போய்ச் சட்டம் பேச வேண்டாம். ஒதுங்கிவிடுவதே உத்தமம்.

இறங்கும்போது கதை வேறு. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது பொன்னான பேச்சு. இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கான்வாயில் ஒட்டிக்கொண்டு இறங்கும்போது, முன்வண்டியின் சிவப்பு விளக்கு எரிகிறபோதெல்லாம் நம் காலும் பிரேக்குக்குப் போகும். பத்து வளைவு இப்படி இறங்கினால் பிரேக் சூடேறி, மிதி கீழே போகும், வண்டி நிற்காது. சூடான பிரேக்கின் காட்டமான வாடை வந்தால் பந்தாவைப் பார்க்காமல் அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் ‘டி’யிலேயே இறங்காமல், தாழ்ந்த கியருக்கு மாற்றும் வழி தங்கள் வண்டியில் எது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. ஆழியாறு அணை கீழே தட்டில் ஊற்றின மாதிரித் தெரியும். அந்தப் பக்கத்தில் வரையாடுகள் சாலைக்கே வந்து நிற்கும். முதல் கார் பார்த்ததும் பிரேக் அடிக்க, எட்டு வண்டிக் கதவும் ஒரே நேரத்தில் திறக்க, பாதிச் சாலை அடைபடுகிறது. நாலு வண்டிக்கு இடம் இருக்கும் முனையில் நாலு வண்டிதான் நிற்க வேண்டும். மற்றவர்கள் அடுத்த முனைக்குப் போகட்டும். மலை எங்கேயும் போய்விடாது. மேலே புதுத்தோட்டம் பக்கத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவற்றுக்கு பிஸ்கட் நீட்டி, சாலையோரம் காத்திருக்கப் பழக்கிவிடுவது, வண்டியில் அடித்துக் கொல்வதற்கான முதல் படி.

ஒரு வண்டி நின்றால்

பஞ்சர் ஆகிவிட்டது. உடனே நம் பாசம் பொங்கும். ஏழு காரும் நான்கு வழிச்சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும். இருபது பேர் இறங்கி ஜாக்கியைச் சுற்றி நிற்பார்கள். சித்தப்பா யோசனை சொல்வார், மச்சான் செல்ஃபி எடுப்பார், குழந்தைகள் வெள்ளைக் கோட்டில் ஓடும். பின்னால் தூக்கக் கலக்கத்தோடு வரும் லாரி ஓட்டுநருக்கு இத்தனை பேரும் தெரிவார்கள் என்று யார் சொன்னது?

நிற்க வேண்டியது பஞ்சரான வண்டியும் கடைசி வண்டியும் மட்டுமே. மற்றவர்கள் அடுத்த பெட்ரோல் பங்க்கில் காத்திருக்கலாம். முக்கோண எச்சரிக்கைப் பலகையை வண்டிக்குக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைத்துவிட்டு, டயர் மாற்றுபவரைத் தவிர எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். காருக்குள் உட்கார்ந்திருப்பதும் ஆபத்துதான். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, அடிபட்டால் 108.

வேகம்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு இதெல்லாம் சப்பென்று இருக்கும். கூட்டமாகக் கிளம்புவதே முறுக்கிப் பார்க்கத்தானே என்பார்கள். பொதுச்சாலையில் போட்டி போட்டால் 189-வது பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை சிறை, 10,000 வரை அபராதம். அதற்குப் பதில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் பார்க்கச் சென்னையே திரண்ட காலம் உண்டு. வேகத்துக்கு இங்கே இடமில்லாமல் போனதில்லை.

சாலையிலேயே போட்டி வேண்டுமென்றால் டி.எஸ்.டி. ராலி என்று ஒன்று உண்டு. நேரம், வேகம், தூரம் மூன்றும் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். குறித்த சராசரி வேகத்தில், குறித்த நொடியில் வந்து சேர வேண்டும். பல போட்டிகளில் தாமதமாக வருவதைவிட முந்தி வருவதற்குத்தான் அபராதப் புள்ளி அதிகம்! வழிகாட்டிப் புத்தகத்தில் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சின்னக் கோட்டுப்படமாக இருக்கும். புள்ளி நீங்கள் நிற்கும் இடம், அம்புக்குறி போக வேண்டிய வழி. பார்வையற்றவர்கள் பிரெய்லில் அச்சிட்ட வழிகாட்டியைத் தடவிப் படித்து ஓட்டுநருக்கு வழி சொல்லும் ராலிகளும் நம் நாட்டில் நடக்கின்றன. கூட்டமாக ஓட்டுவதன் முழுச் சுவையும் இதில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சொல் கேட்காதவர் இதில் ஜெயிக்கவே முடியாது.

திரும்பி வரும்போது கான்வாய் வேண்டாம் என்பது என் கட்சி. மதியம் பிரியாணி சாப்பிட்ட பிறகு இரண்டிலிருந்து நாலு மணிவரை உடம்பு தானாகவே சொக்கும். அந்த நேரத்தில் முன்வண்டியின் பின்விளக்கையே வெறித்துக்கொண்டு வருவதைவிட, அவரவர் இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தி டீ குடித்து வரலாம். சாப்பிட்ட ஹோட்டலிலேயே வரிசையைக் கலைத்து, “வீட்டுக்குப் போனதும் குரூப்ல போட்டுடுங்க” என்று விடை கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒருவர் கேட்க மாட்டார். முதல் வண்டியையும் முந்திக்கொண்டு போய், அடுத்த டீக்கடையில் கையைக் கட்டி நின்று, “என்னப்பா இவ்வளவு லேட்டு?” என்பார். நண்பர் என்றால் அடுத்த பயணத்துக்குக் கூப்பிடாமல் விடுவதில் தப்பே இல்லை. பெரிய மாப்பிள்ளையாக இருந்தால்? மரியாதை குறையாமல், “வழி உங்களுக்குத்தானே மாப்ள அத்துப்படி, நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கிட்டே வாங்க” என்று சாவியைச் சித்தப்பா கையில் கொடுத்துவிடுங்கள்.